கோடியக்கரையில் பருந்துகளைப் படமெடுத்தல்

கேள்வி:
வரும் சனவரியில் ஒரு நாள் மட்டும் கோடியக்கரையில் தங்கிப் படமெடுக்க விரும்புகிறேன். என்னிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. சென்ற முறை எடுத்த செம்பருந்துப் படங்கள் அனைத்திலும் பறவை கருநிழலாகவே பதிந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இம்முறை என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
வானம் வெளிச்சமாக இருக்கும்போது கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துவிடுவதால், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு படி கூட்டி, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அல்லது அதைவிட விரைவாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது காற்றின் திசை. அமர்ந்திருக்கும் பருந்து பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும் என்பதால், காற்றும் காலை வெயிலும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றால், அது உங்களை நோக்கியே சிறகு விரிக்கும். எழும்புவதற்குச் சற்று முன் அது எச்சமிடுவது வழக்கம். அந்த நொடியில் விரல் பொத்தானில் இருக்கட்டும்.

பதில் 2:
குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகளையும் தவறவிடாதீர்கள். சிறகுகளை ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல உயர்த்திக்கொண்டு புல்வெளியை ஒட்டித் தாழப் பறக்கும்போது, அவற்றை எளிதில் இனங்காணலாம். 1967இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைக்கப்பட்டதே வெளிமான்களுக்காகத்தான் என்பதால், அவற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மான்கள் தலைநிமிர்ந்து உங்களையே பார்க்கத் தொடங்கினால், அதற்கு மேல் ஓர் அடிகூட நெருங்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காற்றின் திசையை இதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.