தீயணைப்பு வீரர்களின் வாக்கி டாக்கியில் ‘ஸ்டாப்’ என்றால் என்ன பொருள்?

வேளச்சேரி வாசகி:

சென்ற வாரம் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் மின்மீட்டர் பெட்டிகள் இருக்கும் இடத்தில் தீப்பிடித்தது. 101 எண்ணை அழைத்தோம். வண்டி வந்து சேர்ந்தது. மாடிப்படியில் புகை சற்றும் அடங்காத நேரத்தில், பொறுப்பிலிருந்த அலுவலர் வாக்கி டாக்கியை எடுத்து ‘ஸ்டாப் மெசேஜ்’ என்று தொடங்கி ஏதோ சொல்ல, எதிர்முனையிலிருந்து ‘ரோஜர்’ என்று பதில் வந்தது. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புறப்படப் போகிறார்களோ என்று நாங்கள் பதறினோம். ஆனால் அவர்கள் அதன் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்து பணியாற்றினார்கள். அப்படியானால் எதை நிறுத்தச் சொன்னார்கள்? ‘இன்னொரு டெண்டர் தேவையில்லை’ என்றும் அவர் சொன்னார். பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற என் மாமனார், தீப்பிடித்த இடத்தில் ஒப்பந்தப்புள்ளிக்கு என்ன வேலை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இச்சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பழைய மைக்:

அம்மா, நிறுத்தச் சொன்னது வேலையை அன்று, உதவிக்கு மேலும் வண்டிகள் அனுப்புவதை. ஓரிடத்தில் தீ என்று தகவல் வந்ததும் முதலில் எத்தனை வண்டிகள் போகின்றன என்பது நெருப்பின் அளவைக் கண்ணால் பார்க்காமலே செய்யப்படும் முடிவு. களத்தில் இறங்கிய அலுவலர்தான், வந்தவை போதுமா, இன்னும் வேண்டுமா என்று கணித்துச் சொல்ல வேண்டும். போதும் என்று அவர் உறுதியாக நம்பும்போது கொடுப்பதே ஸ்டாப் செய்தி. அது வந்த பிறகுதான் மற்ற நிலையங்களின் வண்டிகளை வேறோர் அழைப்புக்கு நம்பி ஒதுக்க முடியும். பிரிட்டிஷ் தீயணைப்பு முறையிலிருந்து வந்த வழக்கம் இது. அந்த முறைப்படி, எவ்வகைக் கட்டடம், எத்தனை தளங்கள், எந்த அளவுக்குச் சேதம், எத்தனை குழாய்களில் நீர் பீய்ச்சப்பட்டது என்பவையும் அதே செய்தியில் சேரும். நீங்கள் கேட்ட ‘ஏதோ’ அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாளிதழ்களில் ‘தீ கட்டுப்பாட்டுக்குள் வந்தது’ என்றும் ‘தீ முற்றிலும் அணைக்கப்பட்டது’ என்றும் தனித்தனியாக எழுதுகிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் நீண்ட நேரம் கிடக்கிறது. கரிந்த மரத்துக்குள்ளும் துணி மூட்டைக்குள்ளும் கனன்றுகொண்டிருப்பதைக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடையில் பற்றிய தீ, இரவு முழுவதும் எரிந்து மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதியையே சரித்ததைப் பார்த்தவர்களுக்கு, துணிக்குள் நெருப்பு எவ்வளவு பிடிவாதமாக ஒளிந்திருக்கும் என்பது தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி அழைப்பை ஏற்கும் அறைக்கு வாட்ச் ரூம் என்று பெயர். பணியில் சேர்ந்த புதிதில் நான், அங்கே பெரிய கடிகாரம் மாட்டியிருப்பதால் வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன்! கப்பலில் முறை வைத்துக் காவல் இருப்பதற்கு வாட்ச் என்று பெயர். 1861 இல் லண்டன் தீயணைப்புப் படையின் பொறுப்பை ஏற்ற மாஸ்ஸி ஷா, உயரத்துக்கும் கயிற்றுக்கும் இரவுக் காவலுக்கும் பழகியவர்கள் என்பதால் கப்பல் மாலுமிகளையே தேடித் தேடிச் சேர்த்தார். அவர்களின் பேச்சும் அந்தப் படையில் தங்கிவிட்டது.

சொல்வேர்:

டெண்டரைப் பற்றி. உங்கள் மாமனாரிடம், அரசு அலுவலகத்து அட்டெண்டரை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடனிருந்து கவனித்தல் என்னும் பொருளுள்ள ‘அட்டெண்ட்’ என்ற சொல்லின் முன்னெழுத்து தேய்ந்து பிறந்ததுதான் இந்த டெண்டர். முதலில் அது பெரிய கப்பலுக்கு ஆளும் பொருளும் கொண்டுசேர்க்கும் சிறு படகைக் குறித்தது. பிறகு நீராவி ரயில் எஞ்சினின் பின்னால் நிலக்கரியையும் நீரையும் சுமந்துவந்த பெட்டியைக் குறித்தது. தண்ணீர் சுமந்துவரும் தீயணைப்பு வண்டிக்கு வாட்டர் டெண்டர் என்ற பெயர் பொருந்திப்போனதில் வியப்பில்லை.

ரோஜர் என்பது யாருடைய பெயரும் அன்று. தந்திக்காரர்கள் செய்தி கிடைத்தது என்பதற்கு ‘ஆர்’ என்ற ஓரெழுத்தை மட்டும் தட்டுவார்கள். வானொலியில் பேசத் தொடங்கியபோது, இரைச்சலில் எழுத்துகள் குழம்பாமல் இருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பட்டியலில் ‘ஆர்’ எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 1956 இல் அந்த இடத்துக்கு ரோமியோ வந்த பிறகும், செய்தியைப் பெற்றேன் என்பதற்கு ரோஜரே நிலைத்துவிட்டார். ஆனால் ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று தனிச்சொல் உண்டு. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக்கி, வீட்டிலும் அலுவலகத்திலும் எதற்கெடுத்தாலும் ரோஜர் என்கிறார்கள்.

அம்பத்தூரான்:

ஆங்கிலப் படங்களில் செய்தி கிடைத்தது என்பதற்கு ‘டென் ஃபோர்’ (பத்து, நான்கு) என்று சொல்கிறார்களே, அந்தப் பத்து எதற்கு? ஆபத்தில் ‘மேடே’ என்று கத்துவது மே தினத்தைக் குறிக்கிறதா?

சொல்வேர்:

அந்தப் பத்துக்குப் பொருளே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1937 இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலக் காவல்துறையில் சார்லஸ் ஹாப்பர் என்பவர் இக்குறியீடுகளை உருவாக்கினார். அன்றைய வானொலிக் கருவியில் பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்த மின்னாக்கி சுழன்று வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் பேசிய முதல் அசை காற்றில் போய்விடும். போகிற அசை ஒன்றும் இல்லாததாகப் போகட்டும் என்று எல்லா எண்களுக்கும் முன்னால் பத்தைச் சேர்த்தார். அந்தக் கருவிகள் மறைந்துவிட்டன. நியூயார்க் தீயணைப்புத் துறை இன்றும் தனக்கென்று வகுத்த பத்தெண் குறியீடுகளைப் பயன்படுத்துகிறது.

மேடே என்பதற்கும் உழைப்பாளர் தினத்துக்கும் தொடர்பில்லை. லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அலுவலராக இருந்த மாக்ஃபோர்டு, அங்கிருந்து பாரிஸுக்கே மிகுதியாக விமானங்கள் சென்றுவந்ததால், ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் இதை அமைத்தார். 1927 இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு இதை ஏற்றது. எரியும் கட்டடத்துக்குள் சிக்கிய அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களும் இதையே மும்முறை சொல்கிறார்கள்.

வேளச்சேரி வாசகி:

மிக்க நன்றி. அட்டெண்டர் விளக்கத்தை மாமனார் ஏற்றுக்கொண்டார். ‘போதும்’ என்றே தமிழில் சொல்லியிருந்தால் நாங்கள் பதறியிருக்க மாட்டோமே என்று மட்டும் கேட்கிறார்.

பழைய மைக்:

‘போதும்’ என்று கேட்டிருந்தால் இன்னும் அதிகமாகப் பதறியிருப்பீர்கள், அம்மா.