‘செல்ஃப் ஆர்கனைசேஷன்’: தன்னொழுங்கமைவா, தன்னமைவா, வெறும் அமைவா?

செ. எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். மாணவர் அறிவியல் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் இயங்கும் ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம் பற்றியது. 1989இல் தொடங்கிய இந்த அமைப்பு, வெவ்வேறு நாட்டு உயிரியலாளர், இயற்பியலாளர், கணித அறிஞர் முதலியோர் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. முன்னோட்ட முடிவுகளைக் காட்டியே தீர வேண்டும் என்று கேட்பதில்லை.

இடறுவது ‘செல்ஃப் ஆர்கனைசேஷன்’, அதாவது வெளியிலிருந்து யாரும் ஒழுங்குபடுத்தாமல் ஒழுங்கு தானே தோன்றுவது. அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். இரை தீர்ந்ததும் சில செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்பாக வெளியிடுகின்றன. பக்கத்துச் செல் அதை உணர்ந்து தானும் வெளியிடுகிறது. துடிப்பு வந்த திசை நோக்கி நகர்கிறது. சுருள் சுருளாக அலை பரவுகிறது. ஒரு லட்சம் செல்கள் வரை கூடி ஒரே உடலாகி, காம்பும் உச்சியில் வித்துத் திரளுமாக நிமிர்கின்றன. கட்டளையிடும் தலைவன் இல்லை. இதைச் சுய அமைப்பு என்பதா, தன்னொழுங்கமைப்பு என்பதா? பல துறையினர் கலந்து செய்யும் ஆய்வைக் குறிக்கும் ‘இன்டர்டிசிப்ளினரி’க்கும் சொல் வேண்டும்.

ந. எழுதியது:

‘சுய’ வேண்டவே வேண்டாம். ‘அமைப்பு’ம் பிழை. அமைத்தல் பிறவினை, அமைப்பவர் ஒருவர் வேண்டும். அமைதல் தன்வினை, அதன் பெயர் ‘அமைவு’. தானாக நிகழ்வது அந்த வுகர ஈற்றிலேயே அடங்கிவிட்டது. பிறகு ‘தன்’ எதற்கு?

செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் மரபு என்கிறார் தொல்காப்பியர். ‘திண்ணை மெழுகிற்று’ என்று உரைகாரர் காட்டுவார்கள். ‘அமை’ என்றால் மூங்கில் என்பதையும் மறக்க வேண்டாம். யாரும் வரிசைப்படுத்தாமல் தானே கிளைத்துப் புதராவது மூங்கில். அமைதல் என்ற வினையே அதிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. அமைதி, அமையம், அமைச்சு வரை இந்த வேரை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

மு. எழுதியது:

ந. ஐயா, வு–ப்பு வேறுபாட்டை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் திண்ணையை மெழுகியவள் ஒருத்தி உண்டு. சொல்லில் மறைந்திருக்கிறாள், அவ்வளவுதான். அமீபாக் கூட்டத்தில் மறைந்து நிற்கவும் ஆள் இல்லை. அதை மாணவனுக்குச் சொல்ல ‘தன்’ தேவை.

வகுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 1955இல் புகையிலை மொசைக் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்து மறுபடி கலந்தார்கள். வைரஸ் மீண்டும் உருவானது. அது ‘செல்ஃப் அசெம்பிளி’. உருவானபின் அதைத் தாங்கி நிறுத்த ஆற்றல் வேண்டாம். 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பாக்டீரியாவின் மின்-டி, மின்-இ என்னும் புரதங்களைக் கொழுப்புப் படலத்தின்மேல், செல்லுக்கு ஆற்றல் தரும் வேதிப்பொருளான ஏ.டி.பி.யோடு சேர்த்தபோது, படலம் முழுவதும் அலைகள் ஓடின. ஏ.டி.பி. தீர்ந்தால் அலையும் தீரும். ஆற்றல் பாய்ந்துகொண்டே இருந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும். வேதியியலாளர் பிரிகோஜினுக்கு 1977இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த சிந்தனையும் இதுவே. முன்னதற்குத் தற்சேர்க்கை, பின்னதற்குத் தன்னொழுங்கமைவு என்று இரண்டு சொல்லாக்குவோம். வெறும் ‘அமைவு’ என்றால் இரண்டும் குழம்பிவிடும்.

அந்த டிரெஸ்டன் ஆய்வில் சோதனை செய்தவர்களோடு கோட்பாட்டு இயற்பியலாளர்களும் இருந்தார்கள். செ. அதைக் கட்டுரையில் சொன்னால் நிதி ஏன் சேர்த்துத் தரப்படுகிறது என்பது விளங்கும்.

த. எழுதியது:

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ‘பல்துறை’ போதாது, அவரவர் தத்தம் துறையில் நின்றபடியே செய்வதும் பல்துறைதான். துறை என்பது முதலில் ஆற்றுத்துறை. பவானியும் காவிரியும் கலக்கும் இடம் கூடுதுறை. ‘கூடுதுறை ஆய்வு’ என்போமே!

வே. எழுதியது:

நல்ல தமிழ், த. அண்ணா. ஆனால் எங்கள் பக்கத்தில் கூடுதுறை என்றதும் திதி கொடுக்கப் போவதுதான் நினைவுக்கு வரும். நிதி விண்ணப்பத்தின் தலைப்பில் அது வேண்டாம். ‘துறையிடை ஆய்வு’ எளிது.

ந. எழுதியது:

‘இடை’ என்றால் இடைவெளியும்தான். துறைகளுக்கு நடுவே விழுந்த ஆய்வு என்று படிப்பார்கள்.

மு. எழுதியது:

உண்மையில் அப்படித்தான் விழுகிறது, ஐயா. எங்கள் விண்ணப்பம் ஒன்றை உயிரியல் குழு கணிதம் மிகுதி என்று திருப்பியது. இயற்பியல் குழு, இது உயிரியல் என்றது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் குழு இருந்திருந்தால் அந்த மாணவி ஆய்வை விட்டுப் போயிருக்க மாட்டாள். செ. இதற்காகவே அந்தக் கட்டுரை வர வேண்டும், சொல்லுக்காக நிறுத்திவிடாதீர்கள்.

செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு பக்கத்தை முடிக்க வேண்டும். பெரும்பாலோர் விருப்பப்படி தன்னொழுங்கமைவு, தற்சேர்க்கை, துறையிடை ஆய்வு என்று இட்டுவிட்டேன்.

ந. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் ‘செல்ஃப் ஆர்கனைசிங் சிஸ்டம்’ வரும்போது என்ன செய்வீர்கள்? ‘தன்னொழுங்கமையும் அமைப்பு’ என்றா? ஒரே தொடரில் அமைவதும் அதுவே, அமைப்பும் அதுவே. ‘தன்னமைவு’ என்று சுருக்கி, ‘சிஸ்டம்’ என்பதற்கு ‘ஒருங்கியம்’ போட்டால் ‘தன்னமை ஒருங்கியம்’ ஆகும். ‘அமை’யின் வேர்பற்றிய மடல் நாளை வரும்.