டீசல் ஃபில்டர் மாற்றினேன், ஏர் பிடித்துக்கொண்டது

கே.ஆர்.புரம்வாசி:

வண்டி பன்னிரண்டு வயது டீசல். போன மாதம் ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் மிதித்தால் இழுக்காது. ஃபில்டர் அடைத்தால் இப்படித்தான். மெதுவாகப் போகத் தேவையான டீசல் எப்படியோ வந்துவிடும், மிதிக்கும்போது கேட்கிற அளவு வராது. பில்களைத் தேடிப் பார்த்தால், கடைசியாக மாற்றி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தது.

பழைய ஃபில்டரின் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போனேன். நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன், கடைக்காரர் "எந்த வருஷ மாடல் சார்?" என்று தமிழில் முடித்துவிட்டார்.

கழற்றுவது பெரிய வேலையில்லை. இன்ஜின் ஆறியபிறகு பேட்டரி நெகட்டிவை எடுத்தேன், அடியில் இருக்கும் ட்ரெயின் திருகைத் தளர்த்தி ஒரு ஊறுகாய் பாட்டிலில் பிடித்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேலே டிகாக்‌ஷன் நிறத்தில் டீசல். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் கோட்டில் கிருமி வளரும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். இவ்வளவு தண்ணீர் இருந்தும் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லையே என்று, ஃபில்டரில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் வயரைப் பிடுங்கினேன். பின்னில் பச்சை பூத்திருந்தது.

சென்சாரைப் புது ஃபில்டருக்கு மாற்றி, ஒழுகாமல் இருக்கப் போடும் புது ரப்பர் வளையத்தில் (ஓ ரிங்) கொஞ்சம் டீசல் தடவி மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை. நாலாவது தடவை பேட்டரி முனக ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது மாடியில் மகள் வீட்டுக்கு வந்திருந்த நாமக்கல் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

"ஏர் புடிச்சிருக்கு தம்பி. டீசல் ரொப்பி மாட்டுனியா, சும்மா மாட்டுனியா?"

"சும்மாதாங்க ஐயா." காலி ஃபில்டரில் இருந்த காற்று குழாயில் மாட்டிக்கொண்டு டீசலை வரவிடவில்லை, அதைத்தான் ஏர் பிடிப்பது என்கிறார்.

ஸ்பேனரை எடுத்தவர் நேராக, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப் நட்டுக்குப் போனார். "இதைக் கொஞ்சம் லூஸ் பண்றேன், நீ செல்ஃப் அடி." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய லாரியில் அதுதான் முறை, தப்பில்லை. என்னுடையது காமன் ரயில் வண்டி, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும். மிதித்து ஓட்டும்போது இன்ஜெக்டர் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். செல்ஃப் அடிக்கும்போதே தோலைக் கிழித்து டீசல் உள்ளே இறங்கிவிடும். டீசல் ரொப்பி மாட்டுவதும் இந்த வண்டிக்கு ஆகாது. பெரும்பாலான ஃபில்டர்களில் நடு ஓட்டை வழியாக ஊற்றினால் அது வடிகட்டாமலே பம்புக்குப் போகும்.

சொன்னதும் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து தேடி, குழாயில் இருந்த ரப்பர் பம்பைக் காட்டினார். "அப்ப இதை அமுக்கு." முதலில் காற்றுப் போன பந்து மாதிரி அமுங்கியது. அறுபது தடவை அமுக்கியிருப்பேன், கல் மாதிரி இறுகிவிட்டது. அடுத்த செல்ஃபில் ஒரு உதறு உதறி, வெள்ளைப் புகை விட்டு, எடுத்துக்கொண்டது.

அல்சூர் ஏரிக்கரை:

என்னுடையது பெட்ரோல், ஃபில்டர் வண்டிக்கு அடியில். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் குழாயைக் கழற்ற வேண்டும். நான் அந்தப் படியை மறந்தேன். முழங்கை வரை பெட்ரோல், கண்ணில் படாதது என் அதிர்ஷ்டம். பக்கத்தில் பீடியோடு ஒருவர் நின்றிருந்தார், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஃபில்டர் மேல் அம்புக்குறி இருக்கும், அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

பாட்டிலில் தண்ணீர் பிரிவது பெட்ரோலில் அவ்வளவு லேசில் தெரியாது. 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில்தானே இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார்கள். அந்த எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால்தான் இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கும்.

ஜீவன்பீமா நகர்:

அடியில் ஒரு மணி நேரம் படுத்துத் தேடினேன், ஃபில்டரே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் வண்டியில் அது டேங்குக்குள், பம்போடு சேர்ந்து. பின் சீட்டைத் தூக்கி மூடியைப் பார்த்தேன், பெட்ரோல் வாசனை வந்தது, மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

கே.ஆர்.புரம்வாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. மூன்று நாள் கழித்துக் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தது. ஒழுகல் எதுவும் இல்லை. பெரியவர் வந்து குழாய் கிளிப்பை விரலால் ஆட்டினார், ஆடியது. இரவில் அது வழியாகக் காற்று ஏறியிருக்கிறது. டக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பம்பை மறுபடி இறுகும்வரை அமுக்கியதும் எடுத்துக்கொண்டது, அதற்கப்புறம் தொந்தரவில்லை.