கோசிட்சிலே மேடையில் இருந்தாரா, இல்லையா?

கரிசல்காரன்:
"ராப் இசையைப் பெற்றெடுத்தவரே தென்னாப்பிரிக்கக் கவிஞர் கேயோரபெட்சே கோசிட்சிலேதான்" என்று சுருதிபேதம் நேற்று அடித்துவிட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ராப்புக்கு முன்னோடி என்று சொல்லப்படும் லாஸ்ட் போயட்ஸ் ('கடைசிக் கவிஞர்கள்') குழு முதலில் மேடையேறியது 1968 மே 19, கருப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பிறந்தநாளில், நியூயார்க்கின் கருப்பினப் பகுதியான ஹார்லெமின் மவுண்ட் மாரிஸ் பூங்காவில். ஏறியவர்கள் டேவிட் நெல்சன், கைலன் கெயின், அபியோதுன் ஓயவோலே. உங்கள் கவிஞர் எங்கே?

சுருதிபேதம்:
குழுவின் பெயரே அவர் கவிதையிலிருந்து வந்ததுதானே! அந்தத் தருணம் பிறக்கும்போது கலை பற்றிய பேச்செல்லாம் நின்றுவிடும், ஈட்டிமுனைதான் கவிதை என்று எழுதியவர். 1961இல் இனவெறி ஆட்சியை எதிர்த்த ஏஎன்சி கட்சி சொல்லி நாட்டை விட்டு வெளியேறி, கிழக்கு ஆப்பிரிக்காவின் தார் எஸ் சலாமில் பத்திரிகை வேலை பார்த்து, அமெரிக்கா போனவர். அந்தக் கோபம் ஹார்லெம் இளைஞர்களுக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்?

கரிசல்காரன்:
ஹார்லெம்காரனுக்குக் கோபத்தை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா? நல்ல கதை. மேடையில் இருந்தாரா, இல்லையா?

மாடிப்படி:
முதலில் 'தாக்கம்' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமே.

கரிசல்காரன்:
அதையெல்லாம் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் சார். இன்னொன்று. இனி கவிதை இல்லை, ஈட்டிதான் என்றவர் அப்புறம் நாற்பது வருடம் கவிதைதான் எழுதினார். 2006இல் தென்னாப்பிரிக்காவின் தேசியக் கவிஞர் பட்டமும் வாங்கிக்கொண்டார். கூர்மையான ஈட்டி!

நீலவேணி:
இரண்டு பேருமே ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். அவரும் அங்கே கற்றுக்கொண்டவர்தான். ஜாஸ் கலைஞர்கள் கோல்ட்ரேனும் பில்லி ஹாலிடேயும் இல்லாமல் அவர் வரிகளுக்கு அந்தத் தாளம் ஏது? 1969இல் அவர் தொகுப்பைப் போட்டது டெட்ராய்டின் பிராட்சைட் பிரஸ் என்ற கருப்பினப் பதிப்பகம். 1971இல் வந்த 'மை நேம் இஸ் ஆஃப்ரிகா'வுக்கு முன்னுரை எழுதியவர் புலிட்சர் பரிசு வென்ற அமெரிக்கக் கருப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ். சும்மா ஒருவருக்கு அவர் முன்னுரை எழுதுவாரா?

கரிசல்காரன்:
வந்துவிட்டார் நீலவேணி. செனகல் கவிஞர் செங்கோர் பற்றிய விவாதத்தில் தோற்றதிலிருந்து நான் வாய் திறந்தாலே ஆஜராகிவிடுகிறார். முன்னுரை எழுதினால் பூங்காவில் இருந்ததாக ஆகிவிடுமா?

சுருதிபேதம்:
மகனைப் பாருங்கள். ராப் பாடகர் எர்ல் ஸ்வெட்ஷர்ட் அவர் மகன்தான். 2018இல் வந்த 'சம் ராப் சாங்ஸ்' ஆல்பத்தில் ஒரு தடத்தில் அம்மாவின் உரையையும் அப்பா கவிதை வாசிப்பதையும் மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறார். அப்பா அதைக் கேட்கவில்லை, அந்த ஜனவரியிலேயே போய்விட்டார். ஐம்பது வருடம் கழித்தும் அந்தக் குரல் ராப்புக்குள் ஒலிக்கிறது. இதற்கு என்ன பதில்?

கரிசல்காரன்:
மகன் ராப் பாடினால் அப்பா ராப்பைப் பெற்றெடுத்தவரா? அந்த அப்பா மகன் வளரும்போது பெரும்பாலும் கூட இல்லை. பூங்காவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

நீலவேணி:
வீட்டு விவகாரத்தை இழுக்கிறீர்கள் என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், செங்கோர் விவாதத்தில் யார் தோற்றது? செங்கோரும் செசேரும் முன்னெடுத்த கருப்பினப் பெருமை இயக்கமான நெக்ரிட்யூட் என்றாலே பிரெஞ்சு ஜால்ரா என்று நீங்கள் உளறினீர்கள். காலனியத்தைக் கிழித்தெழுதிய செசேரும் ஜால்ராவா என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கரிசல்காரன்:
செசேர் வேறு, செங்கோர் வேறு. அதற்குத் தனி விவாதம் ஆரம்பியுங்கள், வருகிறேன்.

நீலவேணி:
வருவீர்கள், தெரியும். வந்து பூங்காவைப் பற்றித்தான் கேட்பீர்கள்.