28 மூட்டுகளுக்குள் பாதம் எங்கே?

நிலாவெளி இளவல்:
என் அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம், மூட்டுகளை வீங்கவைத்து எலும்பை அரிக்கும் நோய். கடந்த வாரம் அவருடைய விபரங்களைக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் இட்டேன். வலிக்கும் மூட்டு இல்லை, வீங்கிய மூட்டு இல்லை, அழற்சியைக் காட்டும் குருதிப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். 20, தமது உடல்நிலைக்கு அவரே தந்த புள்ளி 100க்கு 30. 28 மூட்டுகளை எண்ணி நோயின் தீவிரத்தை அளக்கும் 'டாஸ்-28' கணக்கின்படி உடனடியாக 2.52 என்ற விடை வந்தது. 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று பொருள். விடியற்காலையில் இலக்கம் எடுத்து நண்பகல் வரை கிளினிக் வாங்கில் காத்திருந்த இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தெளிவான விடையை எங்களுக்கு எவரும் தந்ததில்லை. வாதநோயைக் கண்காணிக்கும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டது என்பதே என் உறுதியான கருத்து.

பழைய தாதி:
தம்பி, அம்மாவின் செருப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா?

நிலாவெளி இளவல்:
அக்கா, செயலி பாதத்தைக் கேட்கவில்லை. கேட்ட 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் பதிந்தேன்.

பழைய தாதி:
கேட்கவில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த 28 எவை என்று எண்ணிப் பாருங்கள். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களின் அடிமூட்டு பத்து, நடுமூட்டு பத்து, முழங்கால் இரண்டு. அத்துடன் கணக்கு முடிந்தது. கணுக்கால் இல்லை, பாதத்தின் ஒரு மூட்டுக்கூட இல்லை. முடக்குவாதம் பலருக்குப் பாதத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. கால் சுண்டுவிரலின் அடிமூட்டில் எலும்பு அரிபட்டிருப்பது, கையில் எதுவும் தெரிவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் தெரியக்கூடும். 2010ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில், நோயை இனங்காணும்போது இரண்டாம் விரல் முதல் ஐந்தாம் விரல் வரையான பாத மூட்டுகளையும் எண்ண வேண்டும் என்றிருக்கிறது. நோயைப் பிடிக்கும்போது பாதம் வேண்டும், நோய் அடங்கியதா என்று பார்க்கும்போது பாதம் வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

நான் இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள். கடற்கரையில் கருவாடு காயவிடும் பெண் ஒருவர் கிளினிக்குக்கு வருவார். கை இரண்டும் நன்றாக இருக்கும், குருதிப் பரிசோதனையும் பெரிய குறையில்லாமல் இருக்கும், கொப்பியில் 'நலம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் அவர் எழுந்து போகும்போது செருப்பைப் பார்த்தேன். பக்கவாட்டு வாரைப் பிளேடால் அறுத்துவிட்டு, பழைய சேலைக் கரையைக் கிழித்து அதன் இடத்தில் கட்டியிருந்தார். வீங்கிய பாதத்துக்கு வார் பொறுக்கவில்லை. விரல்களின் அடியை இருபக்கமும் பிடித்து மெல்ல அழுத்தினேன். அவர் என் தோளைப் பற்றிக்கொண்டார். கொப்பியில் எழுதப்பட்ட 'நலம்' அது. உங்கள் செயலி சொன்னதும் அதே 'நலம்'தான்.

நிலாவெளி இளவல்:
அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 28 மூட்டுக் கணக்கை எந்த இயந்திரமும் எழுதவில்லை. 1995ஆம் ஆண்டு வைத்தியர்கள் எழுதினார்கள். பாதத்தை விட்டவர்கள் மனிதர்கள், செயலி அவர்கள் எழுதியதைச் செய்தது, அவ்வளவுதான். குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியை அடிக்கிறீர்கள்.

மேலும் ஒன்று. எக்ஸ்ரேயைப் பார்த்து மூட்டு இடைவெளி குறுகியதற்கும் எலும்பு அரிபட்டதற்கும் புள்ளி இடும் 'ஷார்ப் - வான் டெர் ஹெய்டே' முறையில் ஒவ்வொரு பாதத்திலும் ஆறு மூட்டுகள் உண்டு. அந்தப் புள்ளியைக் கணினியே இடும்படி பழக்குவதற்குத் திறந்த போட்டி நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. அங்கே கைப் படத்துடன் பாதப் படமும் கொடுக்கப்பட்டது. ஆகவே இயந்திரத்துக்குப் பாதம் தெரியாது என்ற உங்கள் வாதம் நிற்காது.

கணித ஆசிரியர்:
இருவரையும் ஒன்று கேட்க விரும்புகிறேன். செயற்கை நுண்ணறிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? தம்பியின் செயலி செய்தது வெறும் கணக்கு. ஈ.எஸ்.ஆரின் இயல் மடக்கையை 0.70ஆல் பெருக்கினால் 2.10, 30ஐ 0.014ஆல் பெருக்கினால் 0.42, வலிக்கும், வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை பூச்சியம் என்பதால் அவற்றின் வர்க்கமூலங்களும் பூச்சியம், கூட்டினால் 2.52. இதை உயர்தர வகுப்பு மாணவர் தாளில் செய்வார். எக்ஸ்ரேயைப் பார்த்துப் பழகும் கணினி வேறு வகை. மருந்துச் சீட்டில் பிழை பிடிக்கும் மென்பொருள் இன்னொரு வகை. எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தாதி:
ஆசிரியர் ஐயா, வரையறை கிடக்கட்டும். பாதத்தைப் பூச்சியம் என்று வைத்துத்தான் அந்த 2.52 வந்தது. பார்க்காமல் விட்ட இடத்துக்கும் பூச்சியம், பார்த்து நலமாக இருந்த இடத்துக்கும் பூச்சியம். என் சண்டை அந்தப் பூச்சியத்தோடு.

சாம்பல்தீவு வாசகி:
நான் ஏழு வருடமாக இந்த நோயோடு வாழ்கிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, மாபிள் நிலத்தில் நின்றாலும் கூழாங்கல்லை மிதிப்பதுபோல் இருக்கும். கையைப் பற்றி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். காலைப் பற்றி நானாகச் சொன்னால்தான் உண்டு. செம்மண்ணும் வெடிப்புமாக இருக்கும் காலைப் பெரிய வைத்தியரின் முன்னால் நீட்டக் கூச்சப்பட்டுச் சொல்லாமலே வந்த நாட்களும் இருக்கின்றன.

நிலாவெளி இளவல்:
பாருங்கள், தங்கச்சி சொல்வது என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. கிளினிக்கிலும் பாதத்தை எவரும் பார்ப்பதில்லை. அப்படியென்றால் குறை யாருடையது? 31 ஆண்டுகள் அங்கே நின்றவர்களுடையது இல்லையா?

பழைய தாதி:
அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு காலையில் எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு எத்தனை தாதியர் என்பது கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதுகிறவருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு டெங்கு விவாதத்திலும் இப்படித்தான், வாட்டில் நுளம்பு வலை போதாததற்கு எங்களைக் குற்றம் சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை.

நிலாவெளி இளவல்:
டெங்குவை இங்கே இழுக்க வேண்டாம். நான் எழுதியது நுளம்பு வலையைப் பற்றி அல்ல, பதிவேட்டைப் பற்றி. கொழும்பில் வேலை செய்வது குற்றமும் அல்ல. என் அம்மா இருப்பது நிலாவெளியில்.

கிண்ணியா நண்பன்:
மிஸ்ஸி, ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் பாதையில், அதாவது மிதவையில், கடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். என் உம்மாவை அப்படிக் கதிரையோடு தூக்கி ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கும் முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு பஸ் படி ஒரு மலை. வீட்டிலிருந்தே ஒரு அளவு பார்க்க முடியும் என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்? என் கேள்வி வேறு. உம்மாவின் விபரத்தை அந்தச் செயலியில் போட்டால் அது எங்கே போகிறது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. செயலி நடத்துகிறவர் வெளிநாட்டில் இருந்தால் எவரிடம் போய் முறையிடுவது?

பழைய தாதி:
நானா, வீட்டிலிருந்து பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதென்றால் பாதத்தையும் பார்க்கச் சொல்கிறேன். 2011இல் நோய் அடங்கியதற்கு வரையறை எழுதிய அதே வைத்தியர் அமைப்புகள், 28 மூட்டுகளை மட்டும் எண்ணினால் பாதத்திலும் கணுக்காலிலும் இருக்கும் அழற்சி தவறிப்போகலாம், அவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரி செயலிக்குள் வரவில்லை.

உவர்மலை வாசி:
இவ்வளவு எழுதுகிறீர்கள், எவரும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. என் பாட்டி பிண்ட தைலம் தடவி எண்பது வயது வரை கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறினார்.

பழைய தாதி:
பாட்டிக்கு இருந்தது வயதால் வரும் மூட்டுத் தேய்வா முடக்குவாதமா என்று தெரியாமல் எண்ணெயை இங்கே ஊற்ற வேண்டாம். எண்ணெய் வலியைத் தணிக்கட்டும், எலும்பு அரிபடுவதை அது நிறுத்தாது.

நிலாவெளி இளவல்:
பாதம், பாதம் என்று ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்வதால் மற்ற நன்மைகள் இல்லாமற்போகா. 2021இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் முழங்கால் தேய்வு பற்றிய ஆய்வொன்று வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்வுக்குத் தரம் இட வைத்தியர்கள் பயன்படுத்தும் கெல்கிரென் - லோரன்ஸ் தரப்படுத்தல் 1957இல் வந்தது. ஒரே மாதிரியான எக்ஸ்ரே இருந்தும் கறுப்பின நோயாளிகள் கூடுதல் வலி என்று சொல்வதற்கான காரணத்தில் 9 வீதத்தைத்தான் அந்தத் தரத்தால் விளக்க முடிந்தது. வைத்தியர் இட்ட தரத்தை விட்டு, நோயாளி சொன்ன வலியைக் கொண்டே கணினியைப் பழக்கினார்கள். 43 வீதம் விளங்கியது. வலி மனதில் இருந்ததல்ல, முழங்காலுக்குள் இருந்தது என்று இயந்திரம்தான் காட்டியது. ஏழையின் சொல்லை வைத்தியர் கேட்காத இடத்தில் இயந்திரம் கேட்டிருக்கிறது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டியதைத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மருந்துச் சீட்டில் 'தினமும்' என்று வந்தால் உடனே தடுத்து நிறுத்தும் மென்பொருள் இருக்கிறது. அதையும் வேண்டாம் என்பீர்களா?

பழைய தாதி:
குளிசைப் பையில் 'செவ்வாய் மட்டும்' என்று சிவப்புப் பேனையால் எழுதி, நோயாளியை வாய்விட்டு மூன்று தடவை சொல்லவைத்து அனுப்பியவர்கள் நாங்கள். அதற்கு மென்பொருள் வந்தால் வரட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. நீங்கள் காட்டிய ஆய்வையே எடுப்போம். அந்தக் கணினி ஏன் சரியாகச் சொன்னது? நோயாளி சொன்ன வலியை அதற்குக் கொடுத்தார்கள், அதனால் சொன்னது. எங்கள் கிளினிக் கொப்பிகளைக் கொண்டு நாளைக்கு ஒரு கணினியைப் பழக்கினால் அதற்கு என்ன கிடைக்கும்? அந்தக் கொப்பிகளில் பாதம் எழுதப்படவில்லை. ஆயிரம் கொப்பி கொடுத்தாலும் திருகோணமலையில் எவருக்கும் பாதத்தில் நோய் இல்லை என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

வெளிநாட்டுத் தரவில் பழகியது வரும் என்றால் வேறு ஆபத்து. 2006இன் இறுதியிலும் 2007இலும் இந்த நாட்டைச் சிக்குன்குன்யா உலுக்கியது. காய்ச்சல் சில நாளில் விட்டது, மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. இரு கைகளிலும் சின்ன மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கும், காலையில் விரல் மடங்காது, ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும். முடக்குவாத அளவுகோலில் வைத்தால் பலர் அதற்குள் விழுந்துவிடுவார்கள். அந்தக் காய்ச்சலைக் காணாத ஊரின் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கணினி எங்கள் பெண்ணைக் கண்டால் என்ன பெயர் வைக்கும்? 'அக்கா, அந்த வருடம் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் காய்ச்சலும் கணுக்காலையும் பாதத்தையும் பிடித்தது. மறுபடியும் பாதத்துக்கே வருகிறேன், மன்னிக்கவும்.

கணித ஆசிரியர்:
நான் கேட்ட வரையறைக்கு இன்னும் விடை வரவில்லை.

கிண்ணியா நண்பன்:
நான் கேட்ட சட்டத்துக்கும் வரவில்லை.

நிலாவெளி இளவல்:
அக்கா, உங்கள் கூற்றை ஏற்றுக்கொண்டாலும் அதன் தீர்வு மென்பொருளில்தான் இருக்கிறது. 28க்குப் பதில் கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்து எண்ணும்படி செயலியை மாற்றுவது ஒருநாள் வேலை. உங்கள் கொப்பியை மாற்ற எத்தனை ஆண்டு எடுக்கும்?

பழைய தாதி:
பெட்டி போடுவது ஒருநாள் வேலை, சரி. அந்தப் பெட்டியை நிரப்ப எவர் குனிவது? எல்லாமே பூச்சியம் என்று தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது அரை நிமிட வேலை. தம்பி, முதற்கேள்விக்கு இன்னும் விடை தரவில்லை. அம்மாவின் செருப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா, இல்லையா?

நிலாவெளி இளவல்:
என் அம்மாவின் பாதம் பொதுவெளியில் விவாதிக்கும் பொருள் அல்ல.

பழைய தாதி:
அவருடைய ஈ.எஸ்.ஆரையும் 100க்கு 30 என்ற புள்ளியையும் பொதுவெளியில் வைத்தவர் நீங்கள். பாதத்துக்கு மட்டும் திரை எதற்கு?

நிலாவெளி இளவல்:
1995இல் விட்டவர்கள் வைத்தியர்கள். அதற்கு நீங்கள் விடை தாருங்கள், பிறகு நான் தருகிறேன்.

சாம்பல்தீவு வாசகி:
அண்ணா, அம்மா வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுத்தான் நடக்கிறாவா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நிலாவெளி இளவல்:
ஆம், ஆறு மாதமாக. டொக்டர் சொல்லித்தான் மெத்தென்ற செருப்பு வாங்கினோம்.

பழைய தாதி:
எந்த டொக்டர்? எதைப் பார்த்துச் சொன்னார்?