பழைய சைட்டில் பாக்கி 0, வேறொரு கம்பெனி பணம் கேட்கிறது – அவசரம்!!

ப்ளேனோ முருகு (புதியவர்), சனி இரவு 11:42
எல்லோருக்கும் வணக்கம். பொண்ணோட காலேஜ் லோன். மாதாமாதம் ஆட்டோபேயில் தானாகப் போய்க்கொண்டிருந்தது, நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று சைட்டுக்குள் போனால் பாக்கி 0 என்று காட்டுகிறது. சரி, ஏதோ தள்ளுபடி ஆகிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிலிருந்து 'தவணை பாக்கி' என்று மெயில் வந்திருக்கிறது. லிங்க்கை அமுக்கவில்லை. கட்டலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். கம்பெனி பெயர் போடக் கூடாது என்று விதிகளில் இருப்பதால் போடவில்லை.

எடிசன் சித்ரா, சனி இரவு 11:58
முருகு, கொஞ்சம் விவரம் வேண்டும். ஃபெடரல் லோனா (அமெரிக்க அரசு கொடுத்தது), பிரைவேட்டா? யார் பெயரில் இருக்கிறது? மகள் படித்துக்கொண்டிருக்கிறாளா, முடித்துவிட்டாளா? இந்த ஓரிரு மாதத்தில் 'உங்கள் லோன் மாற்றப்படுகிறது' என்று ஏதாவது கடிதமோ மெயிலோ வந்ததா? ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள்.

ராலே ரவி, ஞாயிறு காலை 12:10
ஸ்கேம். சந்தேகமே வேண்டாம். என் மச்சானுக்கு இப்படித்தான் ஒருவன் ஃபோன் செய்து, 'உங்கள் லோனைத் தள்ளுபடி செய்து தருகிறோம், 600 டாலர் கட்டுங்கள்' என்று பாஸ்வேர்டு வரைக்கும் வாங்கிவிட்டான். மெயிலை டெலீட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஓஹையோ நர்ஸ், ஞாயிறு காலை 12:31
0 என்றால் தள்ளுபடியாகவும் இருக்கலாமே? மகள் அரசு வேலையிலோ லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரியிலோ இருக்கிறாளா? பி.எஸ்.எல்.எஃப். என்று பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கான தள்ளுபடித் திட்டம் இருக்கிறது, அதில் 120 தவணை கட்டி முடித்தால் மிச்சம் தள்ளுபடி. நான் அதை நம்பித்தான் கவுன்டி ஆஸ்பத்திரியை விட்டு நகராமல் இருக்கிறேன்.

கணக்கர், ஞாயிறு காலை 7:05
இதே கேள்வி இந்தக் குழுவில் எத்தனையாவது முறை வருகிறது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது, அழகுக்கு வைக்கவில்லை.

சரி, கடைசி முறையாக. ஃபெடரல் லோனைக் கொடுத்தது அமெரிக்கக் கல்வித் துறை. 2010 ஜூலை 1-க்குப் பிறகு கொடுத்த ஃபெடரல் மாணவர் கடன் கிட்டத்தட்ட எல்லாமே நேரடியாகத் துறையின் கடன்தான். நீங்கள் மாதாமாதம் பார்க்கும் கம்பெனி வெறும் சர்வீசர். பில் அனுப்புவது, பணம் வாங்கி வரவு வைப்பது, ஃபோன் எடுப்பது, இதற்குத் துறை அவர்களுக்குக் கூலி கொடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலோ துறை நினைத்தாலோ உங்கள் கணக்கை வேறு கம்பெனிக்கு மாற்றுவார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள், சொல்ல மட்டும்தான் செய்வார்கள். நேவியன்ட் 2021 கடைசியில் விலகியபோது அதன் ஃபெடரல் கணக்குகள் எய்ட்வான்டேஜுக்குப் போயின. ஃபெட்லோன் விலகியபோது பி.எஸ்.எல்.எஃப். கணக்குகள் மொஹெலாவுக்குப் போயின. மாற்றம் நடந்ததும் பழைய சைட்டில் 0 காட்டுவார்கள், சிலர் 'முழுதும் கட்டப்பட்டது' என்றுகூடப் போடுவார்கள். அதைப் பார்த்துக் கேக் வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எடிசன் சித்ரா, ஞாயிறு காலை 8:20
கணக்கர் சொன்ன விஷயம் சரி, தொனியை விட்டுவிடுங்கள் முருகு. ரவி, டெலீட் செய்யச் சொல்லாதீர்கள். அது உண்மையான பில்லாக இருந்தால் வினை.

ப்ளேனோ முருகு, ஞாயிறு காலை 9:47
ஃபெடரல்தான் என்று நினைக்கிறேன், ஃபாஃப்சா (அரசின் கல்வி உதவி விண்ணப்பம்) போட்டோம். மகள் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள், ஆஸ்டினில். பிரைவேட் ஐ.டி. கம்பெனி. கட்டலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்களேன்.

எடிசன் சித்ரா, ஞாயிறு காலை 10:15
ஃபாஃப்சா போட்டதால் மட்டும் எல்லாமே ஃபெடரல் ஆகிவிடாது. ஃபெடரலில் கிடைத்தது போக மீதிக்குப் பலரும் பிரைவேட் லோன் எடுத்திருப்பார்கள். மகளின் இளங்கலைப் படிப்புக்கு அவள் பெயரில் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, அப்புறம் 7,500 என்றுதான் ஃபெடரலில் கொடுப்பார்கள். மொத்தமே 31,000-க்கு மேல் போகாது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். மெயிலில் வந்த லிங்க்கை விட்டுவிடுங்கள். நீங்களே ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் என்று டைப் செய்து உள்ளே போங்கள். ஃபெடரல் லோன் என்றால் அங்கே இருக்கும், சர்வீசர் பெயரும் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் அது பிரைவேட். 'என் எய்டு விவரம்' பகுதியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இறக்கிக்கொள்ள முடியும். நோட்பேடில் திறந்தால் கசகசவென்று இருக்கும், பயப்படாதீர்கள். ஒவ்வொரு லோனுக்கும் ஒரு பத்தி: என்ன வகை, எந்தத் தேதியில் கொடுத்தது, எவ்வளவு, வட்டி எத்தனை, இப்போது யாரிடம் இருக்கிறது. பெரிய சர்வீசர்களின் சைட் முகவரியும் இப்போது ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் என்றே முடியும். மெயிலில் இருக்கும் முகவரி அப்படி முடிகிறதா என்றும் பாருங்கள்.

வட்டிவேட்டை, ஞாயிறு பகல் 12:02
இந்தத் தலைவலி எதற்கு? நல்ல கிரெடிட் ஸ்கோர் இருந்தால் பிரைவேட்டில் ரீஃபைனான்ஸ் செய்துவிட்டுப் போங்கள், அங்கே புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைத்துவிடலாம். ஒரே கம்பெனி, ஒரே தவணை, வட்டியும் குறைவு. நான் என் லோனை அப்படித்தான் முடித்தேன்.

ஓஹையோ நர்ஸ், ஞாயிறு பகல் 12:40
பொத்தாம்பொதுவாக இப்படிச் சொல்லாதீர்கள். பிரைவேட்டுக்குப் போனால் திரும்பி வர வழியே கிடையாது. 2020 மார்ச்சிலிருந்து 2023 ஆகஸ்ட் கடைசி வரை ஃபெடரல் லோனுக்கு 0 வட்டி, தவணையும் கட்ட வேண்டியதில்லை. பிரைவேட்டில் இருந்தவர்களுக்கு யார் அதைக் கொடுத்தார்கள்? கடன் வாங்கியவர் இறந்தால் ஃபெடரல் கடன் அத்தோடு ரத்து. வருமானத்துக்கு ஏற்ற தவணை, பி.எஸ்.எல்.எஃப்., எதுவுமே அங்கே கிடையாது.

வட்டிவேட்டை, ஞாயிறு பகல் 1:15
சலுகை சலுகை என்று நம்பி சேவ் என்ற வருமானத் தவணைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் கதி என்ன ஆச்சு? 2024 கோடையில் கோர்ட் நிறுத்தியது. ஃபோர்பேரன்ஸில், அதாவது தவணையைத் தற்காலிகமாக நிறுத்தி, போட்டு வைத்தார்கள், 2025 ஆகஸ்ட் 1-லிருந்து வட்டி ஏற ஆரம்பித்தது. அரசாங்கம் கொடுத்ததை அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். 2024-25-இல் பிளஸ் லோன் (பெற்றோரும் மேற்படிப்பு மாணவர்களும் எடுக்கும் ஃபெடரல் கடன்) எடுத்தவர்களுக்கு வட்டி 9.08 சதவீதம். 40,000 டாலருக்கு ஒரு நாள் வட்டி கிட்டத்தட்ட 10 டாலர். இதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா?

கணக்கர், ஞாயிறு பகல் 1:31
சேவ் போனதால் எல்லாமே போய்விடவில்லை. ஐ.பி.ஆர். என்ற வருமானத் தவணைத் திட்டம் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டமும் ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்கு அதை நீக்கவில்லை, புதிதாக ராப் என்று இன்னொரு வருமானத் தவணைத் திட்டம் 2026 ஜூலை 1-லிருந்து என்று அதில் இருக்கிறது. படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

வட்டிவேட்டை, ஞாயிறு பகல் 1:34
நான் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன் சார். நீங்கள் மட்டும்தான் இங்கே படித்தவரா?

ஃப்ரீமான்ட் புதுசு, ஞாயிறு பகல் 2:20
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் எச்1பி விசா, பையன் எங்களைச் சார்ந்த எச்4 விசா. அடுத்த வருடம் காலேஜ். அவனுக்கு இந்த ஃபெடரல் லோன் கிடைக்குமா?

எடிசன் சித்ரா, ஞாயிறு பகல் 2:36
கிடைக்காது தம்பி. சிட்டிசன், கிரீன் கார்டு, அப்புறம் அகதி மாதிரி சில வகையினருக்குத்தான். எச்4-க்கு காலேஜே கொடுக்கும் உதவித்தொகையையும் மாநில உதவியையும் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ப்ளேனோ முருகு, ஞாயிறு மாலை 5:50
மகளிடம் ஐடி வாங்கி உள்ளே போனேன். லோன்கள் இருக்கின்றன, ஃபெடரல்தான். ஆனால் எல்லாமே இன்னும் பழைய கம்பெனியிடம்தான் என்று காட்டுகிறது, பாக்கியும் அப்படியே இருக்கிறது! 0 இல்லை. புதுக் கம்பெனி பெயரே அங்கே இல்லை. அப்போது ரவி சொன்னதுதான் சரியா? நான் கையெழுத்துப் போட்ட பெரிய தொகையையும் காணோம்.

ராலே ரவி, ஞாயிறு மாலை 5:53
நான்தான் முதலிலேயே சொன்னேனே.

எடிசன் சித்ரா, ஞாயிறு மாலை 6:04
நில்லுங்கள் நில்லுங்கள். "நான் கையெழுத்துப் போட்ட" என்றால்? மகள் லோனுக்குக் கூடக் கையெழுத்துப் போட்ட கோசைனா, உங்கள் பெயரிலேயே எடுத்ததா? ஆட்டோபே யாருடைய கணக்கிலிருந்து போனது? 0 காட்டிய சைட்டில் யாருடைய லாகின் போட்டீர்கள்?

ப்ளேனோ முருகு, ஞாயிறு மாலை 6:31
எல்லாம் என்னுடையதுதான். பொண்ணு படிப்புக்குத்தானே எடுத்தோம், அதனால் பொண்ணு லோன் என்றேன். காலேஜில் பிளஸ் என்று ஏதோ சொன்னார்கள். அவளுடையதை அவளே தனியாகக் கட்டுகிறாள்.

கணக்கர், ஞாயிறு மாலை 6:35
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சம்.

எடிசன் சித்ரா, ஞாயிறு மாலை 6:58
அப்படிச் சொல்லுங்கள்! அது பேரன்ட் பிளஸ். சட்டப்படி உங்கள் கடன், மகளின் கடன் இல்லை. அவள் ஐடியில் தெரியாது. ஃபாஃப்சாவில் நீங்கள் கையெழுத்துப் போட்ட உங்கள் சொந்த ஐடியில் பாருங்கள், 'டைரக்ட் பிளஸ் பேரன்ட்' என்று இருக்கும். உங்கள் கணக்கும் மகளின் கணக்கும் தனித்தனி என்பதால், உங்களுடையது மட்டும் புதுக் கம்பெனிக்குப் போயிருக்கலாம்.

அங்கே புதுக் கம்பெனி பெயர் இருந்தால் மெயில் உண்மை. அப்புறம் செய்ய வேண்டியது: முதலில் புது சைட்டில் புதிதாகக் கணக்குத் திறங்கள். கணக்கு எண் மாறியிருக்கும், பழைய எண்ணை வைத்துத் தேடாதீர்கள். ஆட்டோபே கூடவே வந்துவிடும் என்று நம்பாதீர்கள், பலருக்கு அங்கேதான் அறுந்துபோகிறது. அதற்குக் கொடுக்கும் 0.25 சதவீத வட்டிச் சலுகையும் அதோடு நிற்கும், மறுபடி போட்டால்தான் வரும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கடைசித் தவணை எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்று பாருங்கள். மாற்றத்துக்குப் பிறகும் பழைய கம்பெனிக்குப் போயிருந்தால் அவர்கள் அதைப் புதியவருக்கு அனுப்ப வேண்டும். பழைய சைட்டில் கட்டிய வரலாறு இன்னும் திறந்தால் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்வார்கள், அது உங்கள் ஸ்கோர், மகளுடையது அல்ல. 270 நாள் தாண்டினால் டிஃபால்ட், அதாவது கடனைக் கட்டத் தவறியவர் என்று ஆகிவிடும். சம்பளத்தில் 15 சதவீதம் வரை கோர்ட்டுக்குப் போகாமலேயே பிடிக்கலாம்.

ஃபோனில் பேசும்போது 'ஃபோர்பேரன்ஸ் போட்டுவிடலாம்' என்று எதற்கெடுத்தாலும் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மாற்றத்தில் விட்டுப்போன தவணையைச் சரிக்கட்ட அது உதவும், மற்றபடி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்களை ஃபோர்பேரன்ஸ் பக்கம் தள்ளியதாகத்தான் நேவியன்ட் மீது 2017-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. வழக்குப் போட்டது. 2024-இல் 120 மில்லியன் டாலருக்கு முடிந்தது, ஃபெடரல் கணக்குகளைக் கையாளவும் தடை.

டெட்ராய்ட் கதிர், ஞாயிறு இரவு 8:12
சர்வீசர்களை நம்பி உட்காராதீர்கள் முருகு. 2023-இல் தவணை மறுபடி தொடங்கியபோது 25 லட்சம் பேருக்கு நேரத்துக்குப் பில் போகவில்லை, 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தவணை தவறினார்கள். அதற்காக மொஹெலாவுக்குத் தர வேண்டியதில் 7.2 மில்லியன் டாலரைக் கல்வித் துறை பிடித்துவைத்தது. செய்தியில் வந்தது, அதனால் பெயர் போடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பேரன்ட் பிளஸ்ஸுக்கு நேரடியாக வருமானத் தவணை கிடையாது. கன்சாலிடேட் செய்தால், அதாவது பழைய கடன்களை ஒரே புது ஃபெடரல் கடனாக மாற்றினால், ஒரு வழி உண்டு, ஆனால் அது 2026 ஜூலை 1-க்குள் முடிந்து பணம் கைமாறியிருக்க வேண்டும். சம்பளம் குறையும் நிலைமை, ரிட்டயர்மென்ட் ஏதாவது இருந்தால் இப்போதே யோசியுங்கள். விண்ணப்பம் ஓரிரு மாதம் இழுக்கும்.

வட்டிவேட்டை, ஞாயிறு இரவு 8:30
பேரன்ட் பிளஸ்ஸா? அப்போது நான் சொன்னதுதான். மகள் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் ஃபெடரலில் வழியே இல்லை, பிரைவேட் ரீஃபைனான்ஸ்தான்.

ஓஹையோ நர்ஸ், ஞாயிறு இரவு 8:41
பெற்றோர் கடனைப் பிள்ளை தலையில் கட்டும் யோசனையா? எங்கள் அப்பா இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

வட்டிவேட்டை, ஞாயிறு இரவு 8:44
60 வயதில் அப்பா கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா, 24 வயதில் சம்பாதிக்கும் பெண் கட்ட வேண்டுமா? சென்டிமென்ட் வட்டி கட்டாது.

நடத்துநர், ஞாயிறு இரவு 9:00
அப்பா–பெண் பட்டிமன்றத்தைத் தனி இழைக்கு மாற்றுகிறேன். இங்கே முருகுவின் கேள்வி மட்டும்.

ப்ளேனோ முருகு, செவ்வாய் மாலை 6:15
என் ஐடியில் இருக்கிறது. புதுக் கம்பெனிதான், மெயில் உண்மை. ஆட்டோபே நவம்பரோடு நின்றிருக்கிறது. மாற்றக் கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. பேசியாகிவிட்டது. சித்ரா அக்காவுக்கு நன்றி.

எடிசன் சித்ரா, செவ்வாய் மாலை 6:40
நல்லது. நவம்பரோடு என்றால் 90 நாள் நெருங்குகிறதே? விட்டுப்போன தவணைகளைக் கட்டினீர்களா, இல்லை ஃபோர்பேரன்ஸ் போட்டார்களா? எழுத்தில் வாங்கினீர்களா?

எடிசன் சித்ரா, வெள்ளி காலை 7:30
முருகு?

கணக்கர், வெள்ளி காலை 9:12
வேலை முடிந்தது, போய்விட்டார். வழக்கம்தான்.

சிகாகோ லட்சுமி, அடுத்த புதன் இரவு 10:55
எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனால் என்னுடையது 2008-இல் எடுத்தது, ஸ்டூடண்ட்எய்ட் சைட்டில் சர்வீசர் என்று ஒரு பெயரும் கடன் வைத்திருப்பவர் என்று ஒரு பேங்க் பெயரும் இருக்கிறது. கல்வித் துறை என்றே எங்கும் இல்லை. ஏன்?

கணக்கர், அடுத்த புதன் இரவு 11:01
அது பேங்க் கொடுத்து அரசு உத்தரவாதம் தந்த பழைய எஃப்.எஃப்.இ.எல். கடன், முற்றிலும் வேறு விஷயம். தனி இழை போடுங்கள். தேடல் பெட்டியைப் பார்த்துவிட்டு.