மேடே, பான்-பான், செக்யூரிட்டே: ரேடியோவில் இச்சொற்களைக் கேட்டவர்களின் அனுபவங்கள்

வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர்:

ஆங்கிலத்தில் புழங்கும் பிரெஞ்சுச் சொற்கள் என்றதும் உணவு விடுதியும் ஆடை அலங்காரமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உயிரைக் காப்பதற்கென்றே எடுத்துக்கொள்ளப்பட்ட பிரெஞ்சுச் சொற்களும் உண்டு. அவற்றைக் கடலிலோ வானிலோ காதால் கேட்டவர்கள் தம் அனுபவத்தை எழுதினால், இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

'மேடே' 1920-களின் தொடக்கத்தில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் பிறந்த சொல். ஆபத்தில் இருப்பவர் சொன்ன மாத்திரத்தில் விமானிக்கும் தரையில் இருப்பவருக்கும் விளங்கக்கூடிய ஒரு சொல்லைத் தருமாறு, அங்கே மூத்த ரேடியோ அதிகாரியாக இருந்த பிரெடெரிக் மாக்ஃபோர்டிடம் கேட்டார்கள். அந்நிலையத்தின் போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்தோடு நடந்ததால், 'எனக்கு உதவ' என்று பொருள்படும் பிரெஞ்சு ஒலியை அவர் ஆங்கில நாவுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் வீதியில் உதவி கேட்டால் 'எதே முவா' என்றுதான் கூவுவார். 'வந்து எனக்கு உதவுங்கள்' என்னும் தொடரின் பிற்பகுதியாகவே இந்த ஒலி அவர்கள் இலக்கணத்தில் பொருந்தும். தந்திக்குக் கச்சிதமாக இருந்த எஸ்ஓஎஸ் என்னும் ஆபத்துக் குறி, இரைச்சல் மிகுந்த பேச்சு ரேடியோவில் 'எஸ்' என்னும் எழுத்து தெளிவாகக் கேட்காததால் உதவவில்லை. 1927-இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு மாநாடு மேடேயை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மே தினத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நான் அதை முதன்முதலாகக் கேட்டது, லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே கிடந்து அச்சொல் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஆங்கிலக் கால்வாயில், டோவர் நீரிணையில். நள்ளிரவு வாட்ச், அதாவது கண்காணிப்புப் பணி, என்னுடையது. கப்பல்கள் ஒன்றையொன்று அழைக்கவும் ஆபத்தைத் தெரிவிக்கவும் பயன்படும் ரேடியோ அலைவரிசையான சேனல் 16-இல் வழக்கமான அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு பாய்மரப் படகிலிருந்து மூன்று முறை மேடே என்ற குரல் வந்ததும் மற்றப் பேச்சு அனைத்தும் நின்றுவிட்டது. அந்த மனிதர் படகின் பெயரைச் சரியாக மூன்று முறை சொன்னார். தண்ணீர் உள்ளே ஏறுகிறது என்றார். ஆனால் இருப்பிடத்தைச் சொல்லும்போது பதற்றத்தில் வேகம் கூடி, தீர்க்கரேகையின் நிமிடங்கள் எவருக்கும் பிடிபடவில்லை. கடலோரக் காவல் நிலையத்துப் பெண் அலுவலர் குரலில் சிறிதும் அவசரம் காட்டாமல், இருப்பிடத்தையும் படகில் உள்ளோர் எண்ணிக்கையையும் திரும்பச் சொல்லுமாறு கேட்டார். நான் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே கேப்டனை எழுப்பினேன். எங்களைவிட அருகில் மீட்புப் படகு இருந்ததால் நாங்கள் திரும்ப வேண்டியிருக்கவில்லை. பாய்மரப் படகில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

எங்கள் பணியில் மேடேயைவிடப் பான்-பான் அதிகம் காதில் விழும். இயந்திரம் பழுதாகி நிற்பதைக் குறிக்கும் 'பான்' என்ற பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலம். அதை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கம் என்று பயிற்சி வகுப்புகளில்கூடச் சிலர் சொல்கிறார்கள். அது பின்னாளில் கட்டிய கதை. அவசரம் உண்டு, ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதே அதன் பொருள். ஒரு முறை பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி கண்ட விமானத்திலிருந்து பான்-பான் வந்தது. அந்தச் சொல் முதலில் வந்ததால்தான், எதிரே வரிசையில் நின்ற விமானங்களை விலக்கி இவருக்கு வழிவிட எனக்கு ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜனவரி 25-ஆம் தேதி நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானத்தை எவரும் மறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்ட அந்த விமானத்தின் துணை விமானி, முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். மேடே என்றோ அவசரநிலை என்றோ அறிவிக்கவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் அதை வழக்கமான வேண்டுகோளாகவே எடுத்துக்கொண்டார்கள். 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று எரிபொருள் விஷயத்தில் பன்னாட்டு விதிகள் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை: 'குறைந்தபட்ச எரிபொருள்' என்பது நிலையைத் தெரிவிக்கும் அறிவிப்பு மட்டும், மூன்று முறை மேடே சொல்லி, பிறகு 'எரிபொருள்' என்று சேர்த்தால்தான் அது ஆபத்து அழைப்பு.

ஆனால் சொல்லையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிடவும் முடியாது. 1998 செப்டம்பரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்து 229 பேரைப் பலிகொண்ட சுவிஸ் ஏர் 111, புகை கண்டதும் முதலில் பான்-பான் அறிவித்து, ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குப் பிறகே அவசரநிலையை அறிவித்தது. முதலிலேயே மேடே சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பலர் பேசக் கேட்டிருக்கிறேன். தீ பரவிய வேகத்தில், உடனே நேராக அருகிலிருந்த ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்துக்குத் திரும்பியிருந்தாலும் தரையிறங்கும் அளவுக்கு நேரம் இருந்திருக்காது என்றே விசாரணை அறிக்கை முடிவு செய்தது.

கடல்சார் பயிற்சி ஆசிரியர்:

மூன்றாவது சொல்லைப் பற்றி நான் எழுதுகிறேன். செக்யூரிட்டே என்ற ஒலியைக் கேட்டதும் புதிய கேடட்டுகள் (பயிற்சி அதிகாரிகள்) கடற்கொள்ளையரைப் பற்றிய எச்சரிக்கை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதே வடிவில் உள்ள சொல் காவலைக் குறிக்க, பிரெஞ்சில் இது விபத்து நேராமல் இருக்கும் பாதுகாப்பைக் குறிக்கிறது; காவலுக்கு அவர்கள் 'சுயூர்தே' என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆகவே செக்யூரிட்டே என்று தொடங்கும் செய்தியில் வருவது புயல் எச்சரிக்கையாகவோ, விளக்கு அணைந்த மிதவையாகவோ, மிதந்து திரியும் சரக்குப் பெட்டியாகவோ இருக்கும். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் மாதங்களில் இதைக் கேட்டும் குறித்துக்கொள்ளாமல் விடும் அதிகாரியை நான் மன்னிப்பதில்லை.

ஆபத்து அழைப்பு நடக்கும்போது குறுக்கே பேசுவோரை அடக்க 'சீலோன்ஸ் மேடே' என்றும், முடிந்ததும் 'சீலோன்ஸ் ஃபீனீ' என்றும் அறிவிப்பார்கள். இவற்றை ஆங்கில முறையில் 'சைலன்ஸ்' என்று உச்சரிக்கக் கூடாது என்பது விதி. காரணம் எளிது: சாதாரணப் பேச்சில் வராத ஒலி என்பதால், பல நாட்டு மாலுமிகளின் காதிலும் அது தனியாக நிற்கிறது.

வேறொரு வாணிபக் கப்பலின் அதிகாரி:

ஆசிரியரிடம் ஒரு சந்தேகம். எங்கள் கப்பலில் கேடட் ஒருவர் துடைக்கும்போது ரேடியோ கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட, பேச்சில்லாமல் தானாக ஆபத்துச் செய்தி அனுப்பும் சேனல் 70-இல் ஆபத்து எச்சரிக்கை போய்விட்டது. கருவியை அணைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், கேப்டன் ஒப்பவில்லை. யார் சொன்னது சரி?

கடல்சார் பயிற்சி ஆசிரியர்:

உங்கள் கேப்டன் செய்ததே சரி. அணைத்துவிட்டு அமைதியாக இருந்தால் உங்களைத் தேடி ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள். சேனல் 16-இல் எல்லா நிலையங்களையும் அழைத்து, கப்பலின் பெயர், அழைப்புக் குறி, எம்எம்எஸ்ஐ எண் (கப்பலின் ரேடியோ அடையாள எண்), இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்லி, அந்த எச்சரிக்கையை எந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்பதையும் குறிப்பிட்டு ரத்து செய்ய வேண்டும். பிறகு அதே சேனலில் தொடர்ந்து கேட்டிருங்கள். உங்களை யாராவது திரும்ப அழைத்தால் பதில் தர வேண்டும்.